ஒரே வளைவு, நாள் முழுவதும்

சென்ற இதழில், ஐம்பத்தாறு வயதில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பைக் ஓட்டிவிட்டு வந்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். லேத், பம்பு செட், டீசல் இன்ஜின் என்று மாதாமாதம் வருகிற கேள்விகளை ஓரம் தள்ளிவிட்டு இந்த முறை கடிதங்கள் எல்லாம் அதைப் பற்றித்தான். இரண்டு கடிதங்களில் திட்டு. ஒன்றில் ஜாதகம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மீதியில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். பம்பு செட்டுக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. வங்கி வேலை. மகனுக்கு வாங்கிய யமஹா ஆர்15, அவன் வெளிநாடு போன பிறகு வீட்டில் சும்மா நிற்கிறது. இந்த வயதில் பந்தயத் தடத்துக்குப் போனால் சிரிப்பார்களா? – வாசகர், ஈரோடு

சிரிக்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. அவரவர் வண்டியின் செயின் தளர்ச்சியைப் பார்க்கவே பொழுது சரியாக இருக்கும். நான் முதன்முதலாகப் போனபோது எனக்கு 46. உங்களைவிட ஒரு வயது இளையவன், அவ்வளவுதான்.

ஆனால் ஆசை பழையது. சிறுவனாக இருந்தபோது சித்தப்பா கோவையிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போய், சோழவரத்தில் பந்தயம் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. வெயில், புழுதி, எரிந்த எண்ணெய் வாசனை. அன்று எந்த வண்டி ஜெயித்தது என்று நினைவில்லை, வாசனை நினைவிருக்கிறது. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. சோழவரத்தில் பந்தயம் நடத்திய அதே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம்தான். 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்த கரிவரதன் நினைவாக வைத்த பெயர். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தபோது கோவைப் பட்டறைகளில் அதைப் பேசாதவர்கள் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகப்போவது பந்தயத்துக்கு அல்ல. தடத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டியவர்களை முறை வைத்து ஓட்ட விடுவார்கள். முதலிடம், மூன்றாமிடம், கோப்பை எதுவும் கிடையாது. ஆர்15-க்கு 155 சிசி போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாகப் போதும். பெரிய வண்டியில் வளைவைச் சொதப்பினாலும் அடுத்த நேர்சாலையில் முறுக்கி ஈடுகட்டிவிடலாம், தப்பு மறைந்துவிடும். சின்ன வண்டி மறைக்காது. நீங்கள் வளைவில் தேவையில்லாமல் தொட்ட பிரேக்குக்கு அடுத்த 300 மீட்டர் முழுக்கத் தண்டனை கொடுக்கும்.

மருத்துவரிடம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தொடைக்கு வேலை அதிகம், உடல் எடையைத் தொடைதான் தாங்கவேண்டும், கை தாங்கக் கூடாது. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தினம் ஐம்பது தோப்புக்கரணம் போடுங்கள். பிள்ளையாருக்கும் ஆயிற்று, தொடைக்கும் ஆயிற்று.

முதல் நாள் அங்கே என்னதான் நடக்கும்? காலை முதல் மாலை வரை வரிசையாகச் சொல்ல முடியுமா? – வாசகர், கும்பகோணம்

விடியும்போதே வாசலில் நிற்கவேண்டும். முதலில் வண்டிச் சோதனை. ஆக்சிலரேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, எண்ணெய் கசிகிறதா, பிரேக் கட்டையில் எவ்வளவு மிச்சம், டயர் எப்படி என்று பார்ப்பார்கள். கண்ணாடி, ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றவேண்டும், இல்லையென்றால் டேப் ஒட்டவேண்டும். விழுந்தால் கண்ணாடித் துண்டு தடத்தில் சிதறக் கூடாது. கண்ணாடியை மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் யார் வருகிறார் என்பது உங்கள் கவலை அல்ல, முந்துகிறவனுடைய கவலை.

அடுத்து கொடி வகுப்பு. பாதிப் பேர் இங்கே டீ குடிக்கப் போய்விடுவார்கள். போகாதீர்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, வேகத்தைக் குறைத்துப் பத்திரமாக பிட்டுக்கு, அதாவது தடத்தின் ஓரம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, திரும்பவேண்டும். சிவப்புக் கொடியைப் பார்த்ததும் தடத்திலேயே பிரேக் அடித்து நின்றவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்தவன் நான். மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் என்றால் தரை வழுக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் காட்டினால் உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு, எண்ணெயாகக்கூட இருக்கலாம். உடனே ஓரங்கட்டுங்கள்.

பிறகு வேகத்தை வைத்துக் குழு பிரிப்பார்கள். புதியவர்கள் குழுவில் சேருங்கள். ‘பத்து வருடமாகச் சாலையில் ஓட்டுகிறேன்’ என்று மேல் குழுவுக்கு ஆசைப்படாதீர்கள். முதல் சில சுற்றுகள் பயிற்சியாளர் முன்னே போக, வாத்துக் கூட்டம் மாதிரி பின்னே போவீர்கள். அப்போது அவர் எங்கே பிரேக் விளக்கு எரிய விடுகிறார், தடத்தின் எந்த ஓரத்திலிருந்து வளைவுக்குள் நுழைகிறார், உள்பக்க விளிம்பை எந்த இடத்தில் தொடுகிறார் என்று பாருங்கள். அதன் பிறகு பதினைந்து, இருபது நிமிட ஓட்டம், நாற்பது நிமிட ஓய்வு. நான் போன நாட்களில் மாலைக்குள் ஐந்து முறை கிடைத்தது.

நான் காசு கொடுத்துப் போவதே இதற்காகத்தான். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எழுபதும் எழுபது விதம். முப்பத்திரண்டாவது வளைவில் தப்பாகப் போனீர்கள் என்றால், அதைத் திருத்திப் பார்க்க அடுத்த முறை மலை ஏறும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் எது தப்பு என்பதே மறந்துபோகும். அன்றைக்கு அங்கே மணல் கிடக்கும், பால் வண்டி எதிரே வரும். இருங்காட்டுக்கோட்டையில் என் வேகத்துக்கு ஒரு சுற்று இரண்டரை நிமிடம். அதாவது தப்பாகப் போன அதே வளைவு இரண்டரை நிமிடத்தில் திரும்ப வருகிறது. அதே அகலம், அதே தார், எதிரே யாரும் இல்லை. ஒரு நாளில் முப்பது, நாற்பது முறை.

பட்டறையில் ஒரு துண்டைக் கடைந்து, அளந்து பார்த்து, அரை நூல் கூடியிருந்தால் அடுத்த துண்டில் குறைப்போமே, அதேதான். ஒரே நேரத்தில் பன்னிரண்டு வளைவுகளையும் திருத்தப் போகாதீர்கள். நான் சட்டைப்பையில் ஒரு குயர் நோட்டைக் கிழித்துத் தைத்த சின்னப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: ‘இரண்டாம் வளைவு – சீக்கிரம் திரும்பிவிட்டேன்.’ அடுத்த இருபது நிமிடம் அதை மட்டும்தான் பார்ப்பேன். மற்ற பதினொன்றும் எப்படியோ போகட்டும்.

என் மகன் தோல் உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் என்று பெரிய தொகை கேட்கிறான். வண்டியே அவ்வளவு விலை இல்லையே! ஏமாற்றுகிறானா? பயமாகவும் இருக்கிறது. – பெயர் வேண்டாம் என்ற தாய், திருச்சி

ஏமாற்றவில்லை, அம்மா. சொல்லப்போனால் உங்களிடம் கேட்கிறானே, அதுவே நல்ல பிள்ளைக்கு அடையாளம். உடுப்பை விட்டுவிட்டு சைலன்சர் வாங்கக் காசு கேட்டிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

தடத்தில் விழுகிறவர்கள் பெரும்பாலும் எதன் மீதும் மோதுவதில்லை, வழுக்கிக்கொண்டு போவார்கள். அந்த வழுக்கலில் ஜீன்ஸ் துணி ஒரு நொடி தாங்கினாலே அதிகம். ஒன்றேகால் மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோல் தாங்கும். மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இருந்தால் இடுப்பைச் சுற்றி முழுக்க ஜிப் போட்டு இணைக்கிற மாதிரி இருக்கவேண்டும். முதுகுக்குள் வைக்கிற காப்புத் தகட்டில் ஐரோப்பியத் தர எண்ணான ‘ஈஎன் 1621-2’ என்று எழுதி, பக்கத்தில் 1 அல்லது 2 என்று இருக்கும். 2 என்பதை வாங்கச் சொல்லுங்கள். சோதனையில் முதல் நிலைத் தகடு சராசரியாக 18 கிலோ நியூட்டன் வரை விசையை உள்ளே விடலாம், இரண்டாம் நிலை 9 வரைதான். பாதி. ஆனால் விலை இரண்டு மடங்காகிவிடாது.

பணம் குறைவென்றால் இந்த வரிசையில் வாங்கட்டும்: ஹெல்மெட், கையுறை, முதுகுத் தகடு, பூட்ஸ். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், தாடைக்குக் கீழே இரட்டை வளையத்தில் வார் கட்டுகிற வகை, ‘ஈசிஇ 22.06’ என்ற ஐரோப்பியத் தர முத்திரை. கையுறை மணிக்கட்டைத் தாண்டி மூடவேண்டும், ஏனென்றால் விழும்போது மனிதன் முதலில் ஊன்றுவது கையை. தோல் உடுப்பு மட்டும் முதல் இரண்டு முறைக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று ஏற்பாடு செய்கிறவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். அவன் இன்னும் வளர்கிற வயது என்றால் சொந்தமாக வாங்குவது வீண். நான் வாங்கியது எட்டு கிலோ எடை கூடியதில் இப்போது ஜிப் ஏறாமல் பரணில் கிடக்கிறது.

பயம் பற்றிக் கேட்டீர்கள். ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே லாரி இல்லை, நாய் குறுக்கே ஓடாது, எதிரே கைப்பேசி பேசிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள், ஆம்புலன்ஸ் இன்ஜின் சூடாக நிற்கும். நான் வாரம் இருமுறை அவிநாசி சாலையில் ஸ்கூட்டரில் போகிறேன். என் வீட்டுக்காரி பயப்படுவது அதற்குத்தான்.

முழங்கால் தரையில் உரசுகிற மாதிரி படம் எடுக்கவேண்டும். எத்தனை முறை போனால் வரும்? – கல்லூரி மாணவர், வேலூர்

படத்துக்கென்றால் காலை அகலமாக விரித்தால் போதும் தம்பி, முதல் நாளே வரும். விழவும் செய்வாய்.

கணக்காகச் சொல்கிறேன். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் வண்டியும் நீயும் சேர்ந்து ஏறக்குறைய 30 டிகிரி சாயவேண்டும். 80-இல் போனால் 45 டிகிரி. வெறும் 20 கிலோமீட்டருக்குப் பதினைந்து டிகிரி! வேகத்தின் வர்க்கத்தில் கணக்கு ஏறுவதால் வருகிற வினை இது. உடலை இருக்கையிலிருந்து உள்பக்கமாக இறக்கினால், அதே வேகத்துக்கு வண்டி சற்றுக் குறைவாகச் சாய்ந்தால் போதும், டயருக்குப் பிடிப்பு மிச்சம் இருக்கும். முழங்காலை வெளியே நீட்டுவதன் காரணம் அதுதான். உடல் இறங்கும்போது முழங்கால் தானாகப் போய்த் தரையைத் தொடும், இதுவரை வந்துவிட்டாய் என்று சொல்லும். குருடன் கைக்கோல் மாதிரி. கைக்கோலைப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறாய் நீ.

உடலை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி திரும்ப மறுக்கிறது. வளைவில் வெளியே வெளியே போகிறேன். வண்டியில் கோளாறா? – வாசகர், நாகர்கோவில்

கோளாறு இல்லை. வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். எழுத்துப் பிழை இல்லை, வலதுக்கு வலதைத்தான் தள்ளவேண்டும். முன்சக்கரம் கணநேரம் இடது பக்கம் போகும், வண்டி வலது பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்த எல்லோரும் இதை அறியாமலே செய்கிறோம். மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

நம்பிக்கை வராதவர்களுக்காக அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் ஒரு வண்டியைத் தயாரித்தார். 1980-இல் பைக் ஓட்டும் பள்ளி தொடங்கியவர், அந்தப் பள்ளி இருங்காட்டுக்கோட்டையிலும் வகுப்பு நடத்தியிருக்கிறது. அந்த வண்டியில் வழக்கமான கைப்பிடியோடு, சட்டத்தில் இறுக்கி அசையாதபடி பொருத்திய இன்னொரு கைப்பிடியும் இருக்கும். அசையாததைப் பிடித்துக்கொண்டு உடலை எப்படி வேண்டுமானாலும் வளைத்து வண்டியைத் திருப்பு என்பார். லேசாக ஆடும், வளைவு என்று சொல்லும்படி எதுவும் நடக்காது. நாகர்கோவிலில் நீங்கள் அசையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். நாளை காலை காலியான மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில், உள்ளங்கையால் மட்டும் மெல்லத் தள்ளிப் பாருங்கள்.

நீங்கள் விழுந்ததுண்டா? – பலர்

உண்டு. செட்டிபாளையத்தில், ஒரு டிசம்பர் மாதம், மூன்றாவது ஓட்டம்.

எனக்கு முன்னால் ஒரு பச்சை வண்டி போய்க்கொண்டிருந்தது. என்னைவிடக் கொஞ்சம்தான் வேகம். பிடித்துவிடலாம் என்று தோன்றியது. ‘ஒரு வளைவு, ஒரு வரி’ என்று நோட்டில் எழுதுகிற ஆள் நான். அன்று நோட்டை மறந்தேன். நான்கு சுற்றுகள் அவர் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனேன். செயின் மூடிக்கு மேலே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், ஓரம் பிய்ந்து காற்றில் படபடத்தது. இன்றும் கண்ணை மூடினால் அது தெரிகிறது, வளைவு தெரியவில்லை.

ஐந்தாவது சுற்றில் அவர் பிரேக் பிடிக்கத் தாமதித்துத் தடத்தைவிட்டு நேராகப் புல்லுக்குள் போனார். என் முன்னால் வளைவு அப்படியே திறந்து கிடந்தது. நான் திரும்பியிருக்கலாம், இடமும் இருந்தது, வேகமும் அடக்கத்துக்குள்தான் இருந்தது. ஆனால் நானும் அவர் பின்னாலேயே புல்லுக்குள் போனேன். கண் போன இடத்துக்கு வண்டி போகும் என்பதை அதுவரை நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவர் பிரேக்கைத் தொடாமல் புல்லில் தள்ளாடி, வேகம் குறைந்து, தடத்துக்குத் திரும்பிவிட்டார். நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். பனியில் நனைந்த புல். முன்சக்கரம் என் கையிலிருந்து யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி போயிற்று. தோளில் விழுந்தேன். எழுந்து நின்று, வண்டியைத் தூக்கப் போனபோதுதான் இடது கை மேலே வரவில்லை என்று தெரிந்தது. காறை எலும்பு முறிவு. ஆறு வாரம் கை தொட்டிலில். பட்டறைப் பையன்கள் நான் ஒற்றைக் கையால் டீ குடிப்பதை ரசித்தார்கள்.

என் வீட்டுக்காரி மருத்துவமனையில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் போட்டுவிட்டு, “லேத்தில் நிற்கிற பையன்களுக்கு ‘கண் வேலையில் இருக்கட்டும்’ என்று தினமும் சொல்கிறீர்களே” என்றாள். அவ்வளவுதான்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பிரேக் பிடிக்கிற இடம் வந்ததும் வளைவின் உள்விளிம்பைப் பார்க்கிறேன், திருப்புகிற கணத்தில் கண் அங்கிருந்து கிளம்பி வெளியேறும் இடத்துக்குப் போய்விடுகிறது. முன்னால் வண்டி இருந்தால் அதன் ஊடாகப் பார்க்கிறேன், அது கண்ணாடி என்று நினைத்துக்கொண்டு. நேர்சாலை முடிவில் மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 33 மீட்டர். அதில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைப் படிக்க நேரம் ஒதுக்க முடியாது.

டயரில் காற்று எவ்வளவு வைக்கவேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். – வாசகர், சேலம்

ஆளுக்கு ஒன்று சொல்வது இருக்கட்டும், பெட்ரோல் பங்க்குகளே ஆளுக்கு ஒன்று சொல்கின்றன. சேலத்தில் மூன்று பங்க்கில் அளந்து பாருங்கள், மூன்று எண் வரும். எனவே முதலில் சொந்தமாக ஒரு காற்று அளவுமானி வாங்குங்கள்.

ஓடும்போது டயர் சூடாகும், உள்ளே காற்றழுத்தம் ஏறும். சாலை அளவோடு தடத்தில் இறங்கினால் அழுத்தம் கூடி, டயர் பந்து போல விறைத்து, தரையில் படும் பரப்பு குறையும். நான் என் அப்பாச்சி ஆர்ஆர்310-க்குக் கையேட்டு அளவிலிருந்து 2, 3 பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்குகிறேன். ஓட்டம் முடிந்து உள்ளே வந்த உடனே, ஹெல்மெட் கழற்றுவதற்கு முன்பே அளந்து நோட்டில் எழுதுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் மே மாதத் தாரில் வெறுங்காலை வைக்க முடியாது, அங்கே ஏறுகிற அளவு வேறு. டிசம்பர் காலைச் செட்டிபாளையத்தில் ஏறுகிற அளவு வேறு. அதிகம் குறைத்தால் ஒட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி குழைந்து நெளியும், டயரும் அளவுக்கு மேல் சூடாகும்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு கடையில் எனக்கு நான்கு வருடப் பழைய டயரைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் புதிது என்று மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எண்ணைப் பார்த்தபோது, அதை ஏற்கெனவே நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டிருந்தேன். தப்பு பாதி என்னுடையது, ஊருக்கெல்லாம் அளக்கச் சொல்கிறவன் அளக்கவில்லை.

டயரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் பிரேக் எண்ணெயை மறந்துவிடுவார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அது 155-ஆக இறங்கிவிடலாம். சாலையில் இது தெரியவே தெரியாது. தடத்தில் ஆறாவது சுற்றில் லிவர் பஞ்சு மாதிரி கைப்பிடியைத் தொடும். நூற்றைம்பது சொச்சம் ரூபாய் எண்ணெயை மாற்றிவிட்டுப் போங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு ஈசிஆரில் யாருமே இல்லை. இலவசம். எதற்காகக் காசு கட்டித் தடத்துக்குப் போகவேண்டும்? – வாசகர், சென்னை

யாருமே இல்லை என்று உனக்கு யார் சொன்னது? மீன் ஏலத்துக்குப் போகிற அம்மா இருக்கிறார், மாடு இருக்கிறது, இரவு வேலை முடிந்து சைக்கிளில் வருகிற காவலாளி இருக்கிறார். அவர்கள் யாரும் கொடி வகுப்புக்கு வரவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு: பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை, 10,000 வரை. இலவசம் என்றாயே, அதற்காக எழுதினேன். நான் கோபமாகப் பதில் எழுதிய ஒரே கடிதம் இது.

தடத்தில் வண்டி சேதமானால் காப்பீடு கிடைக்குமா? – வாசகர், தூத்துக்குடி

கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நம் நாட்டு வாகனப் பாலிசிகளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். பந்தயம் இல்லை, பழகும் நாள்தான் என்று வாதாடலாம், வாதாட நேரமும் வக்கீலும் வேண்டும். உடைந்தால் என் கைக்காசு என்று முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற வண்டியில் போங்கள். உடலுக்கான விபத்துக் காப்பீட்டிலும் இதே வரி ஒளிந்திருக்கிறதா என்று படியுங்கள்.

நான் ஐந்தடி ஒரு அங்குலம். கால் முழுதாக ஊன்றாது. பெண்கள் வருவார்களா? தனியாக வந்தால் சங்கடமாக இருக்குமா? – வாசகி, மதுரை

வாருங்கள், தங்கச்சி. சாலையில்தான் சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்றவேண்டும். தடத்தில் பிட்டில் கிளம்பும்போது ஒரு முறை, நிற்கும்போது ஒரு முறை. ஒற்றைக் கால் நுனி பட்டாலே போதும். உயரத்தைவிட விரல் முக்கியம். கிளட்ச், பிரேக் லிவர்களை உங்கள் விரல் எட்டும் தூரத்துக்குத் திருகிக் கிட்டே கொண்டுவர முடிகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பெண்கள் வருகிறார்கள், எண்ணிக்கையில் இன்னும் குறைவுதான். சென்னையின் அலிஷா அப்துல்லா ஆண்களோடு சேர்ந்து பந்தயம் ஓட்டியவர். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார், அது மண்ணிலும் மணலிலும் ஓட்டுகிற பந்தயம். உடை மாற்றத் தனி அறை, பூட்டுள்ள கழிப்பறை உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நான் என் மருமகளுக்காகக் கேட்டபோது எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அடுத்த முறை போனபோது அறை இருந்தது.

உங்கள் சிறந்த சுற்று நேரம் எவ்வளவு? – வாசகர், ஓசூர்

சொன்னால் உங்கள் ஊரில் என் அப்பாச்சியைச் செய்கிறவர்கள் அழுவார்கள்.

ஓட்டிய அதே வண்டியில் அன்று மாலையே வீட்டுக்குத் திரும்பலாமா? – வாசகர், விழுப்புரம்

முடிந்தால் வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு டாடா ஏஸ் பேசிக்கொண்டால் ஆளுக்கு அதிகம் வராது. வண்டி உடைந்தாலும் ஏற்றி வரலாம், கை உடைந்தாலும் ஏற்றி வரலாம்.

ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு மணி நேரம் நிழலில் உட்காருங்கள், உப்பு போட்ட மோர் குடியுங்கள். காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். செயினைப் பாருங்கள், சைடு ஸ்டாண்டைக் கட்டிய கம்பியை அவிழுங்கள். உடம்பில் இன்னும் தடத்தின் வேகம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வந்ததும் 60 கிலோமீட்டர், நடப்பது போல இருக்கும், மீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள்.

டேப்பை எல்லாம் பிய்த்தீர்களா என்று இன்னொரு முறை சுற்றி வந்து பாருங்கள். நான் ஒரு முறை ஹெட்லைட் டேப்பை மட்டும் பிய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுகிறவரை, பின்னால் ஏன் ஒரு வண்டிகூட வரவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம். டீக்கடையில் நிறுத்தியபோது கடைக்காரர்தான் கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது என்ன, திருஷ்டிக்கா?” என்று கேட்டார்.